மூன்றாவது நாற்காலி

வில்லோ சைடிங், வயோமிங்
நவம்பர் 9

ஆரின்,

உன் குளிர்கோட்டைப் பார்சல் கட்டி அனுப்பியிருக்கிறேன். எடை போட்டதும் நான், முத்திரை குத்தியதும் நான், தபால் செலவைக் கல்லாவில் போட்டதும் நான். உன் தம்பி லைல் வீட்டில் ஆட்டுக்குத்தான் கம்பளி இருக்கும், மனுஷனுக்கு இருக்காது. நீ விறைத்துப் போய்ச் சாகக்கூடாதே என்று அனுப்புகிறேன். சமாதானத் தூது என்று எண்ணிக்கொண்டு இளிக்காதே.

ரேடியோ கேட்டிருப்பாய். ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் கவர்னர் ஜெயித்துவிட்டார். உங்கள் செனட்டர் ஊருக்குப் போய்த் தோட்டம் போடலாம். நாடு பூராவும் கூட்டிப் பார்த்தால், ஜெயிப்பதற்கு, ஜனங்கள் சார்பில் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடும் தேர்வாளர்கள் எத்தனை பேர் வேண்டுமோ சரியாக அத்தனை பேர்தான் எங்கள் பக்கம். ஒருவர்கூட உபரியில்லை. அதில் வயோமிங்குக்கு மூன்று பேர். வங்கிக்கார எங்ஸ்ட்ரம், பண்ணைக்காரி திருமதி டட்டில், அப்புறம் யாரென்று உனக்கே தெரியும்.

நேற்று கடைக்காரர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, "கவர்னருக்குத்தான் ஓட்டுப் போட்டேன், வெர்னா!" என்றார். "இல்லை, எனக்குத்தான் போட்டீங்க. எங்க மூணு பேருக்கு. நாங்க போய்த்தான் கவர்னருக்குப் போடணும்" என்றேன். மனுஷர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்போ கவர்னருக்கு உன்னைத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாதுதான். ஆனாலும் டிசம்பர் பதின்மூன்றாம் தேதி ஷையான் நகரத்துச் சட்டசபைக் கட்டடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். தினமும் கனவில் வருகிறது. பெரிய அறை, ஜன்னலுக்கு வெளியே பனி, மேஜையில் மூன்று பேனா. நான் உட்கார்ந்து பேர் எழுதப் போகிறேன். எழுதியதும் மை மறைந்துவிடுகிறது. மறுபடி எழுதுகிறேன், மறுபடி மறைகிறது. யாரும் அவசரப்படுத்துவதில்லை. விழித்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

சாம்பல் நிறத்தில் ஓர் உடுப்பு தைத்துக்கொண்டிருக்கிறேன். பதினாறு வயதிலிருந்து இந்தக் கட்சிக்கு நாற்காலி விரித்திருக்கிறேன், காப்பி போட்டிருக்கிறேன், வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். இந்த ஒரு நாள் எனக்கு வேண்டும், ஆரின். தேவாலயத்து விருந்தில் அத்தனை பேர் முன்னால் நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

வெர்னா


லைல் பண்ணை
நவம்பர் 15

வெர்னா,

கோட்டு வந்தது. நன்றி. பையில் ஒரு ஜோடி காலுறையும் இருந்தது. அது பார்சல் ரசீதில் இல்லை. அரசாங்கத்தை ஏமாற்றுகிறாயா?

நீ ஜெயித்தாய். வாழ்த்து. இதை எழுத மூன்று நாள் ஆயிற்று.

விருந்தில் நான் என்ன பெரிதாகச் சொல்லிவிட்டேன்? "தேர்வாளர்னா தபால் பெட்டி மாதிரிதான். மேல போட்டது கீழ விழும். அதுக்கு எதுக்குப் புது உடுப்பு?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரிப்பாய் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் என் பூட்ஸ் வாசலுக்கு வெளியே, சேணம் அதற்குப் பக்கத்தில். மேலே பனி விழுந்திருந்தது. கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருஷமான பெண்டாட்டி செய்கிற காரியமா?

மனசில் இருந்ததைத்தான் சொன்னேன். பேரை முன்னாடியே முடிவு செய்துவிட்டு, எழுத மட்டும் ஆளைக் கூப்பிடுகிறார்கள். எழுத ஒரு கை போதும். என் கட்சி ஜெயித்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

இங்கே மூடுபனி. காலையில் ஆடுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, மணி மட்டும் கேட்கிறது. அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போகிறேன். சில சமயம் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. கிட்டே போனால் லைலின் வைக்கோல் போர்.

லைலுக்குச் சமைக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. பீன்ஸ்தான்.

ஆரின்


லைல் பண்ணை
நவம்பர் 22

வெர்னா,

இதைத் தபால் கவுண்டரில் வைத்துப் படிக்காதே. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி.

எங்கள் கட்சி வக்கீல் பிரூவிட் இன்று காரில் வந்தார். மாவட்டத் தலைவன் நான் என்பதால் என்னைத் தேடி வந்தார். எல்லா மாநிலத்திலும் உங்கள் தேர்வாளர்களை ஒவ்வொருவராகத் துருவிக்கொண்டிருக்கிறார்களாம். அரசியல் சாசனத்தில் ஒரு வரி இருக்கிறதாம். மத்திய அரசாங்க உத்தியோகம் எதுவும் வகிக்கிற ஆள் தேர்வாளராக முடியாது. அப்படி ஒருத்தர் அகப்பட்டால் வாஷிங்டனில் ஓட்டு எண்ணும்போது அந்த ஓட்டைத் தள்ளச் சொல்வார்கள். அதை வைத்து வழக்கு, ரகளை. கவர்னருக்கு எண்ணிக்கை எட்டவில்லை என்று ஆகிவிட்டால் முடிவு கீழ்ச்சபைக்குப் போகும். அங்கே மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. அதில் எங்கள் ஆள்தான் ஜெயிப்பார்.

கேட்டுக்கொண்டே காப்பி ஊற்றினேன். கை பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தது. மேஜையெல்லாம் காப்பி.

ஜூன் மாதம் மாநாட்டில் உன் பேரைப் போட்டபோது நீ வெறும் வெர்னா. செப்டம்பரில் கிழவர் ஹோபர்ட் மகள் வீட்டுக்குப் போகிறபோது தபால் ஆபீஸை உன் தலையில் கட்டிவிட்டுப் போனார். உனக்கு நியமன ஆணை வாஷிங்டனிலிருந்துதானே வந்தது? ஊரில் நாற்பது வீடு. எல்லோரும் உன்னிடம்தான் கடிதம் வாங்குகிறார்கள். பாதிப் பேர் உன் பேருக்கு ஓட்டும் போட்டார்கள். ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. என் மண்டையிலும்தான்.

பிரூவிட் கேட்டார், "உங்க வீட்டம்மாவும் ஒரு தேர்வாளராமே? அவங்க ஏதாவது வேலை பார்க்குறாங்களா?"

"சண்டை போடுறதுதான் அவ வேலை. சம்பளம் கிடையாது" என்றேன்.

சிரித்துவிட்டுப் போய்விட்டார். இருபத்தைந்து வருஷமாகக் கட்சியில் இருக்கிறேன். இன்றைக்குத்தான் அவர்களிடம் பொய் சொன்னேன். இனி என்ன செய்வதென்று நீதான் யோசிக்கவேண்டும்.

ஆரின்


வில்லோ சைடிங்
நவம்பர் 26

ஆரின்,

முதலில் உன்னைத் திட்டி நான்கு பக்கம் எழுதினேன். பிறகு அதை அடுப்பில் போட்டேன்.

உன் சூழ்ச்சி என்றுதான் நினைத்தேன். தேர்தலில் தோற்றவன், பெண்டாட்டியைப் பயமுறுத்தி வீட்டில் உட்காரவைக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆசிரியையின் தடிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நீ சொன்ன வரி அப்படியே இருந்தது. அங்கேயே, சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கரும்பலகையில் யாரோ வான்கோழி வரைந்திருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நன்றி விழாவுக்குத் தனியாகத்தான் சாப்பிட்டேன். பூசணிப் பை பலகாரத்தில் பாதி மிச்சம். இரண்டு பேருக்குச் சுட்ட பழக்கம் போகவில்லை.

ராத்திரி மறுபடியும் அந்த அறை கனவில் வந்தது. இந்தத் தடவை நாற்காலி இல்லை. எங்ஸ்ட்ரமும் திருமதி டட்டிலும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பனியில் நின்று கண்ணாடியில் மூச்சை ஊதி, அந்த ஆவியில் விரலால் பேர் எழுதுகிறேன். உள்ளே இருப்பவர்களுக்கு அது இடவலம் மாறித் தெரியுமே என்று எனக்கு ஒரே கவலை. விழித்ததும் அழுதேன். உனக்குச் சொல்வதில் என்ன வெட்கம், நன்றாக அழுதேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பிரூவிட் தானே மோப்பம் பிடித்திருப்பார். உங்கள் ஆள் ஜனாதிபதி ஆகியிருப்பார். ஏன் என்னிடம் சொன்னாய்?

வெர்னா


லைல் பண்ணை
டிசம்பர் 1

வெர்னா,

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கவர்னரை எனக்குப் பிடிக்காது. அவர் சிரிப்பே பிடிக்காது. ஆனால் இந்த மாநிலத்தில் அவர் ஜெயித்தார். மாவட்டத் தலைவன் என்று நானும் கூட இருந்துதான் எண்ணினேன். நான் எண்ணியதையே நான் இல்லையென்று சொல்லவேண்டும் என்றால் எப்படி? அது முதல் காரணம்.

இரண்டாவது காரணம், நீ அந்தச் சாம்பல் துணியை வாங்கிய நாள். கடையில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். நான் வண்டியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு அது தெரியாது. பிரூவிட் கேட்டபோது அது ஞாபகம் வந்தது.

இதற்குமேல் எழுத எனக்கு வராது.

பனி முழங்காலுக்கு மேல். பூசணிப் பையை ஊரார் யாருக்கும் கொடுத்துவிடாதே.

ஆரின்


வில்லோ சைடிங்
டிசம்பர் 6

அன்புள்ள ஆரின்,

போனவாரமே ஷையானுக்குப் போன் போட்டு எங்ஸ்ட்ரமிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் அவர் நாற்காலி கிறீச்சிட்டது.

இன்று அவரே கூப்பிட்டார். "வெர்னா, வழி இருக்கு. தேர்வாளர் இடத்தை நீ ராஜினாமா பண்ணிடு. தபால் ஆபீஸையும் ராஜினாமா பண்ணிடு. ஓட்டுப் போடுற அன்னைக்குக் காலையில ஒரு இடம் காலின்னு எழுதிட்டு, மிச்சம் இருக்கிற நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து உன்னையே மறுபடி நியமிச்சிடுறோம். அப்போ நீ அரசாங்க ஆள் இல்லையே? சட்டப்படி நூத்துக்கு நூறு சரி. முன்னாடியும் இப்படி நடந்திருக்கு."

எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. நாற்காலி திரும்பக் கிடைத்துவிட்டது! ராஜினாமாக் கடிதத்தை உட்கார்ந்து எழுதிவிட்டேன். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். முத்திரை குத்தப் போகும்போது கதவு திறந்தது.

டெல்ஃபின் மார்க்கெட்டி. மலையடிவாரத்தில் தனியாக இருக்கிற அதே டெல்ஃபின்தான். தலையில் சால்வை, இமையெல்லாம் பனி. "வந்துச்சா?" என்றாள். வந்திருந்தது. அவள் மகன் கப்பலில் இருந்து எழுதியது. அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, அவனுக்கு இத்தாலி மொழி எழுத வராது. எப்போதும்போல அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நான் படித்துக் காட்டினேன். ஒன்றுமில்லை அதில். பல்வலி, புதுச் சட்டை, ஏதோ ஒரு துறைமுகத்தில் ஆரஞ்சு மலிவு. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "அந்த ஆரஞ்சு வந்த இடத்தை இன்னொரு தடவை படி" என்றாள். படித்தேன்.

போகும்போது கேட்டாள், "நீ ஷையானுக்குப் போறியாமே. அப்புறம் இங்க யாரு?"

யாரும் இல்லை, ஆரின். யோசித்துப் பார்த்துவிட்டேன். பொறுப்பெடுக்க ஆள் இல்லையென்றால் மேலிடத்தில் ஆபீஸையே மூடிவிடுவார்கள். கடிதமெல்லாம் அடுத்த ஊரோடு நின்றுவிடும். இந்தப் பனியில் டெல்ஃபின் அங்கே போவாளா? போனாலும் அங்கே யார் ஆரஞ்சை இரண்டு தடவை படிப்பார்கள்?

ராஜினாமாக் கடிதத்தைப் பிரித்தேன். தபால் ஆபீஸ் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுத் தேர்வாளர் என்பதை மட்டும் விட்டேன். என் இடத்தில் லாரமி ஊர்க்காரர் ஒருவரைப் போடுகிறார்களாம். அவர் எழுதினாலும் அதே பேர்தான் எழுதுவார். நீ சொன்னது சரிதான் போலிருக்கிறது, அதற்கு ஒரு கை போதும். அதை ஒப்புக்கொள்ள எனக்கு எவ்வளவு வலித்தது என்று உனக்குத் தெரியாது.

சாம்பல் உடுப்பு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. இருட்டில் யாரோ நிற்பதுபோல இருக்கிறது. ராத்திரி எழுந்தால் அவளிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது.

அந்த அறை எப்படி இருக்கும் என்று மட்டும் யாராவது பார்த்துச் சொன்னால் போதும். தரைவிரிப்பு என்ன நிறம்? ஜன்னல் எந்தப் பக்கம்? கனவிலாவது சரியாக வரட்டும்.

வெர்னா


ரயிலில் இருந்து
டிசம்பர் 13, மாலை

என் வெர்னா,

ஷையானுக்குப் போனேன். பொதுஜனம் பார்க்கலாம் என்றார்கள். நானும் பொதுஜனம்தானே. தாடியைச் சிரைத்துக்கொண்டு, லைலின் டையைக் கட்டிக்கொண்டு போனேன்.

தரைவிரிப்பு பச்சை. பாசி படிந்த குளம் மாதிரிப் பச்சை, நடந்தால் சத்தமே வராது. ஜன்னல் உன் இடது கைப்பக்கம். மூன்று நாற்காலி. வெளியே பனி மெதுவாக, நீ கனவில் கண்ட மாதிரியே விழுந்துகொண்டிருந்தது. நான் உன் கனவுக்குள் பூட்ஸ் காலோடு வந்துவிட்டதாக எனக்கு ஒரு கூச்சம்.

லாரமிக்காரர் வரவில்லை. பனியில் பாதை மூடிவிட்டது. மூன்றாவது நாற்காலி காலி. எங்ஸ்ட்ரம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். திருமதி டட்டில் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்க யாரு?"

"வெர்னாவோட வீட்டுக்காரன்."

"அடடா! கடவுளாப் பார்த்து அனுப்பியிருக்கார். நீங்களே உக்காருங்க. அவ இடத்துல நீங்க எழுதுறதுதான் பொருத்தம்."

நான் வாயைத் திறப்பதற்குள் எங்ஸ்ட்ரம் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். எதிரில் காகிதம், கையில் பேனா. வெர்னா, அந்த அறையில் யாருக்கும் என் கட்சி தெரியாது. ரகசிய ஓட்டு. மூன்று சீட்டில் ஒன்றில் வேறு பேர் இருந்தால் அவ்வளவுதான். உங்கள் கவர்னருக்கு எண்ணிக்கை எட்டாது. எங்கள் செனட்டரின் பேர் சின்னப் பேர், எழுத ரெண்டு நொடி ஆகாது. பேனா கனத்தது. என் காதுக்குள் ஆட்டு மணி கேட்டது, சத்தியமாகக் கேட்டது. தபால் பெட்டி என்றேனே. தபால் பெட்டிக்குப் பேனா கனக்குமா?

"ஐயா, நான் அந்தப் பக்கத்து ஆள். மாவட்டத் தலைவன்" என்றேன்.

திருமதி டட்டில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எங்ஸ்ட்ரம் என் கையிலிருந்து பேனாவை, பிள்ளையிடமிருந்து கத்தியை வாங்குகிற மாதிரி, மெதுவாக வாங்கினார். நான் எழுந்துவிட்டேன்.

பிறகு காப்பி கொண்டுவந்த பெண்ணைக் கேட்டார்கள். ஆக்னஸ் என்று பேர். உங்கள் கட்சிதானாம். "எனக்கா? நானா?" என்று நாலு தடவை கேட்டாள். ஏப்ரனைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜனாதிபதிக்கு ஒரு சீட்டு, துணை ஜனாதிபதிக்கு ஒரு சீட்டு. ஒவ்வொரு எழுத்தாக, உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுதி முடித்து மை காய்கிறவரை கையை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர்க்கட்சிக்காரன் அழுவதைப் பார்த்து ஒரு பத்திரிகைக்காரன் ஏதோ குறித்துக்கொண்டான். என்ன போடுவானோ.

கையெழுத்தெல்லாம் போட்டு, உறையில் வைத்து, அரக்கு முத்திரை குத்தி, வாஷிங்டனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். நானும் பின்னாலேயே ஸ்டேஷன் வரை போனேன். அந்த உறை இப்போது எனக்கு மூன்று பெட்டி முன்னால், ரயிலின் தபால் பெட்டியில் போய்க்கொண்டிருக்கிறது. இது உன் ஊரில் நிற்காத வண்டி. தண்டவாளத்தோரக் கொக்கியில் நீ தபால் பையை மாட்டி வைப்பாய், ஓடுகிற ஓட்டத்தில் வண்டியிலுள்ள தபால் குமாஸ்தாக்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு, உனக்கு வந்ததை வெளியே எறிவார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு நீ நிற்கிறபோது, நாட்டுக்கு ஜனாதிபதியைக் கொண்டுபோகிற உறை உன்னை உரசிக்கொண்டு போகும். வயோமிங்கிலேயே அது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியப்போகிறது. அதனால் நீ அந்தச் சாம்பல் உடுப்பைப் போட்டுக்கொண்டிருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. முன்னாடியே சொல்ல வழியில்லாமல் போய்விட்டது.

இந்தக் கடிதத்தைத் தபால் குமாஸ்தாவிடம் கொடுத்து உன் ஊர்ப் பையில் போடச் சொல்லப்போகிறேன். ஆக, உன் காலடியில் இது விழுகிற நேரத்தில் என் ஜன்னல் உன்னைத் தாண்டியிருக்கும். கண்ணாடியில் ஒருத்தன் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தாயா? அது நான்தான்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தோடு திரும்பி நடந்து வருகிறேன். பனி நின்றுவிட்டது, நிலா இருக்கிறது. பூட்ஸை வாசலுக்கு உள்ளே கழற்றலாமா, வெளியேதானா என்பதை வந்து தெரிந்துகொள்கிறேன்.

பூசணிப் பை கெட்டுப்போயிருக்கும். பரவாயில்லை, பீன்ஸ் மட்டும் வேண்டாம்.

ஆரின்